ஆர்ச் என்றால் கண்

(நன்னிலம் வட்டாரத்தில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில், ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கண் சொக்கும் நேரம். அதனால் பெரிய தலைப்பு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு சொல். ஏ, ஆர், சி, எச். ஆர்ச். நம் ஊரில் பள்ளிக்கூடமே போகாத பாட்டிக்கும் தெரிந்த ஆங்கிலச் சொல். "ஆர்ச்சுல நிறுத்துப்பா" என்று கண்டக்டரிடம் சொல்லாதவர்கள் இந்த அறையில் யாரும் இருக்க மாட்டீர்கள். இந்தச் சொல்லை வைத்து நான் ஒரு பிள்ளையிடம் தவறு செய்தேன். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஏழாம் வகுப்பு. பத்துச் சொற்கள் கொடுத்துத் தமிழ்ப் பொருள் எழுதச் சொல்லியிருந்தேன். அதில் ஒன்று ஆர்ச். நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட பொருள் 'வளைவு'. முப்பது பிள்ளைகளில் பெரும்பாலோர் அதையே எழுதினார்கள். நாலைந்து பேர் 'பஸ் ஸ்டாப்' என்று எழுதியிருந்தார்கள். சிரித்துக்கொண்டே சுழித்தேன். ஒரு பெண் மட்டும் 'கண்' என்று எழுதியிருந்தாள். 'ஐ' என்ற சொல்லோடு குழப்பிக்கொண்டாள் போல என்று நினைத்தேன். சிவப்பு மையில் பெருக்கல் குறி. பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டேன். அந்தக் கேள்விக்குறிதான் அவளைச் சுட்டிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. நன்றாகப் படிக்கிற பிள்ளை. தாளை வாங்கிப் பார்த்தாள், மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள், ஒன்றும் கேட்கவில்லை.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, ஒரு மாலை வண்டி பழுதாகி ஆற்றுப்பாலத்துப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். நம் பகுதியில் பாலத்துக்கா பஞ்சம்? அரசலாறு, முடிகொண்டான் ஆறு, புத்தாறு, திருமலைராஜன் ஆறு என்று திரும்பிய பக்கமெல்லாம் ஆறு, ஆறு இருந்தால் பாலம். அங்கே மதகடியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண்ணின் தாத்தா. பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீர் எப்போது வரும் என்று பேச்சுக்காகக் கேட்டேன்.

"வந்துடும் டீச்சரம்மா. இது மூணு கண்ணுப் பாலம். அந்தக் காலத்துச் செங்கல் கட்டு. நடுக்கண்ணு அடைச்சுக் கெடக்கு, ஆகாயத்தாமரை. அதை எடுத்துவிட்டாத்தான் கடைமடைக்குத் தண்ணி போகும்" என்றார்.

மூன்று கண் பாலம். குனிந்து பார்த்தேன். செங்கல்லில் அரைவட்டமாக மூன்று ஆர்ச். அவள் எழுதியது தவறு இல்லை.

மறுநாள் அந்தத் தாளைக் கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவந்தாள். 'கண்' என்பதை அழித்துவிட்டு அதன்மேல் 'வளைவு' என்று எழுதியிருந்தாள். காகிதம் தேய்ந்து அந்த இடத்தில் ஓட்டை விழுந்திருந்தது.

ஒரு மதிப்பெண் போனது பெரிய விஷயம் இல்லை. ஆனால் வீட்டில் தாத்தாவிடம் கேட்டு வளர்ந்த சொல்லை, பள்ளிக்கூடத்தில் செல்லாத காசு என்று அவளே அழித்துவிட்டாள். அதை அழிக்கச் சொன்னது என் சிவப்பு மை.

உங்களில் சிலர் கேட்பீர்கள்: கண் என்பது வளைவுக்கு அடியில் இருக்கும் திறப்புதானே, ஆர்ச் என்பது மேலே தாங்கும் வளைவாயிற்றே, இரண்டும் ஒன்றா? நியாயமான கேள்வி. ஒன்றல்ல. மேட்டூர் அணையின் உபரிநீர்ப் போக்கியைப் பதினாறு கண் மதகு என்கிறோம். அங்கே கண் என்றால் தண்ணீர் போகிற வழி. மேலே வளைவாக இருந்தாலும் தட்டையாக இருந்தாலும் கண் கண்தான். ஆனால் பாலத்தை எண்ணிச் சொல்லும்போது ஆங்கிலத்துக்காரர் எதை எண்ணுகிறாரோ அதற்கு நேராக நம் ஆட்கள் எண்ணுவது கண்ணை. செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகும் ரயில் பாதையில், கேரளப் பக்கம் கழுதுருட்டியில் 1904ஆம் ஆண்டு ரயில் ஓடத் தொடங்கிய ஒரு பழைய கல் பாலம் இருக்கிறது. பதிமூன்று ஆர்ச். மலையாளத்தில் அதன் பெயர் பதிமூணு கண்ணறைப் பாலம். கண்ணும் அறையும் சேர்ந்த சொல். நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இலங்கையில் எல்ல என்ற மலையூருக்கும் தெமோதரைக்கும் நடுவே ஒரு ரயில் பாலம் உண்டு. கைப்பேசியில் நீங்கள் எல்லோரும் படம் பார்த்திருப்பீர்கள். 1921இல் கட்டியது. ஒன்பது ஆர்ச். அங்கே தமிழில் அதை ஒன்பது வளைவுப் பாலம் என்கிறார்கள். சிங்களத்தில் ஆர்ச்சுக்கு 'ஆருக்கு' என்று சொல். அது போர்த்துகீசியரின் 'ஆர்கோ' அங்கே குடியேறியது. ஒரே மாதிரிப் பாலம். ஓர் ஊரில் கண், ஓர் ஊரில் வளைவு, ஓர் ஊரில் கடன் வாங்கிய சொல். நம் பிள்ளை 'கண்' என்று எழுதியதற்கு முழு மதிப்பெண் தரலாமா என்றால், என் பதில்: உடனே தர வேண்டாம், ஆனால் தாளைத் திருப்பி ஒரு படம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். படம் வந்துவிட்டால் தாராளமாகத் தரலாம். நான் அதைச் செய்யவில்லை.

இனி சொல்லுக்கு வருவோம்.

ஆர்ச் என்ற சொல்லின் வேர் லத்தீனில் 'ஆர்குஸ்'. அதன் பொருள் வில். அம்பு விடுகிற வில்லேதான். அதே வேரிலிருந்து வந்ததுதான் ஆர்க். வில்லாளிக்கு ஆங்கிலத்தில் ஆர்ச்சர் என்று பெயர். ஒலிம்பிக்கில் நம் பிள்ளைகள் ஆடும் வில்வித்தை ஆர்ச்சரி. வரிசையாக வளைவுகள் உள்ள நடைபாதை ஆர்கேட். துணிக்கடைக்கு இன்று ஆர்கேட் என்று பெயர் வைக்கிறார்கள், ஒரு வளைவையும் காணோம், அது வேறு கதை.

இப்போது எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் திறங்கள். வட்டத்தின் ஒரு பகுதியை என்ன சொல்கிறோம்? வட்ட வில். அதன் இரு முனைகளையும் சேர்க்கிற கோடு? நாண். வில்லும் நாணும்! நம் கணக்கு ஆசிரியர் நாற்பது ஆண்டாக இந்தச் சொற்களைப் பலகையில் எழுதுகிறார். எத்தனை பேர் அந்தப் படத்தில் வில்லைப் பார்த்திருக்கிறோம்? நான் பார்த்ததில்லை. ஆங்கிலத்தில் நாணுக்குச் சொல்லும் 'கார்ட்' என்பதும் கிரேக்கத்தில் நரம்பு, தந்தி என்ற பொருளில் இருந்த சொல்தான். வானத்தில் தெரிவதை நாம் வானவில் என்கிறோம். ஆங்கிலேயர் மழைவில் என்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 'ஆர்க்-ஆன்-சியெல்', அதாவது வானத்து வில் என்கிறார்கள். புதுச்சேரியில் பழைய ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். மூன்று மொழிக்காரரும் ஒருவரையொருவர் கேட்காமலே அண்ணாந்து பார்த்து வில் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஆங்கில ஆசிரியரும் கணக்கு ஆசிரியரும் ஒரு பாடவேளை சேர்ந்து நடத்த இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

கட்டடத்துக்கு வருவோம். ஆர்ச் எப்படி நிற்கிறது என்று தெரியாமல் அந்தச் சொல்லை நடத்துவதில் பயன் இல்லை. கல்லை மேலிருந்து அழுத்தினால் தாங்கும். இழுத்தாலோ வளைத்தாலோ உடையும். தூணுக்குத் தூண் நீளமான கல்லைப் போட்டால் அதன் அடிப்பக்கம் இழுபடும், அதனால் ரொம்ப நீளம் போட முடியாது. நம் கோயில் மண்டபங்களில் தூண்கள் ஏன் அவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்று பிள்ளைகளைக் கேளுங்கள். காரணம் இதுதான். 1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயில் விமானம் உள்ளே கூடாக இருக்கிறது. அங்கேயும் உண்மையான ஆர்ச் இல்லை. ஒரு வரிசைக் கல்லைவிட அடுத்த வரிசையைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, தள்ளி, மேலே போகப்போகக் குறுக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள். சோழர் காலத்துச் சிற்பிக்கு வளைவு தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். கோயில் கொடுங்கையின் மேலே குதிரை லாடம் போல வரிசையாக இருக்கிறதே, அதற்குக் கூடு என்று பெயர். நடராசரைச் சுற்றி நிற்கும் திருவாசி வளைவுதான். வடிவமாக வைத்துக் கொண்டாடியிருக்கிறார்கள். பாரம் தாங்க அதை நம்பவில்லை, அவ்வளவுதான்.

பாரம் தாங்கும் ஆர்ச் என்பது ஆப்பு வடிவில் செதுக்கிய கற்களின் வரிசை. ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லைத் தள்ளுகிறது. மேலே இருந்து வரும் பாரம் அழுத்தமாக மாறி, வளைவு வழியாகவே இறங்கி, இரு பக்கமும் வெளியே தள்ளும். அந்தத் தள்ளலைத் தடுக்க இரு முனையிலும் கனத்த சுவர் வேண்டும். இப்படிக் கட்டினால் இடையில் தூண் இல்லாமல் அகலமாக விடலாம். மதுரைத் திருமலை நாயக்கர் மகாலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் முதலில் சொல்வது "எவ்வளவு பெருசா இருக்கு" என்பதுதான். 1636இல் கட்டியது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு தூணுக்குத் தூண் வளைவு. தஞ்சை அரண்மனையிலும் அதே மாதிரி வளைவுகளைப் பார்க்கலாம், அது பக்கத்திலேயே இருக்கிறது.

இதை வகுப்பில் செய்துகாட்ட ஒரு பைசா செலவு இல்லை. இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே நிற்கவைத்து, உள்ளங்கைகளைச் சேர்த்து, காலைப் பின்னால் நகர்த்தச் சொல்லுங்கள். அதுதான் ஆர்ச். நான் செய்தபோது ஒரு பையனுக்கு சிமெண்டுத் தரையில் கால் வழுக்கியது. பின்னால் நின்ற பிள்ளை தானாகவே வந்து அவன் குதிகாலுக்குப் பின்னால் தன் காலை வைத்து முட்டுக் கொடுத்தாள். "அதான்டா பாலத்துக் கரைச் சுவரு" என்று ஒருவன் கத்தினான். நான் விளக்க வைத்திருந்த இரண்டு பக்கக் குறிப்பு மேசையிலேயே கிடந்தது.

இங்கே இன்னொரு சொல். ஆர்ச் கட்டும்போது கடைசியாக உச்சியில் நடுக்கல் உட்காரும்வரை மற்ற கற்கள் தாமாக நிற்காது. அதுவரை தாங்க, அடியில் மரத்தால் ஒரு சட்டம் கொடுப்பார்கள். அந்தச் சட்டத்துக்கு ஆங்கிலத்தில் பெயர் சென்ட்ரிங். தெரிந்த சொல்லாக இருக்கிறதா? நம் பிள்ளைகளின் அப்பாக்களில் எத்தனை பேர் அறுப்பு முடிந்ததும் திருப்பூருக்கும் சென்னைக்கும் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறார்கள்! இன்று கான்கிரீட்டுக்கு அடியில் கொடுக்கும் பலகைக்கும் தகட்டுக்கும் அதுவே பெயராகிவிட்டது. "உங்க அப்பா செய்யற வேலைக்குப் பேரே ஆர்ச்சுல இருந்துதாண்டா வந்திருக்கு" என்று நான் ஒரு பையனிடம் சொன்னேன். அப்பாவின் வேலையைக் கேட்டால் வழக்கமாகக் 'கூலி' என்று முணுமுணுக்கும் பையன் அவன். அடுத்த நாள் சென்ட்ரிங் எப்படிப் பிரிப்பார்கள், எத்தனை நாள் கழித்துப் பிரிப்பார்கள் என்று வகுப்பில் அவனே பத்து நிமிடம் பேசினான். தமிழில்தான் பேசினான். ஆங்கிலப் பாடவேளையில் தமிழா என்று கேட்காதீர்கள். அதற்கப்புறம் அதைப் பற்றி ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுத அவனுக்கு விஷயம் இருந்தது. விஷயம் இல்லாத பிள்ளையிடம் ஐந்து வரி கேட்டுத்தான் நாம் வருடக் கணக்காக மல்லுக்கட்டுகிறோம்.

தோரணத்தைச் சொல்லாமல் விட முடியாது. தமிழில் தோரணம் என்றால் இரண்டு. ஒன்று, வாசலில் கட்டும் மாவிலைத் தோரணம். இன்னொன்று தோரண வாயில், அதாவது நாம் ஆர்ச் என்று சொல்லும் அலங்கார நுழைவாயில். திருமலையில் கோயிலுக்குக் கொஞ்ச தூரத்தில் பாறையே இயற்கையாக வளைந்து ஆர்ச்சாக நிற்கிறது. அதற்குச் சிலாதோரணம் என்று பெயர். கயிற்றுத் தோரணத்துக்கும் கல் தோரணத்துக்கும் என்ன சம்பந்தம்? இலக்கணத்தில் தேடாதீர்கள், அறிவியலில் இருக்கிறது. இரு ஆணிகளில் கட்டிய தோரணம் நடுவில் தொய்ந்து ஒரு வளைவாகத் தொங்கும். அந்த வளைவை அப்படியே தலைகீழாக நிறுத்தினால், தன் பாரத்தைத் தானே தாங்கி நிற்க ஏற்ற ஆர்ச்சின் வடிவம் கிடைக்கும். தொங்கும்போது கயிறு முழுக்க இழுவிசை. திருப்பினால் கல் முழுக்க அழுத்தம். 17ஆம் நூற்றாண்டில் இதைக் கண்டு சொன்னவர் ராபர்ட் ஹூக். செல்லுக்குப் பெயர் வைத்தவர் என்று அறிவியல் பாடத்தில் வருகிறாரே, அவரேதான். அமெரிக்காவில் செயின்ட் லூயி நகரத்தில் 630 அடி உயரத்துக்கு ஓர் எஃகு ஆர்ச் நிற்கிறது. 1965இல் எழுப்பியது. அதன் வடிவம் தலைகீழாகத் திருப்பிய சங்கிலிதான்.

வகுப்பில் செய்யும் முறை எளிது. வாசலில் தோரணக் கயிற்றைத் தொங்கவிடுங்கள். கைப்பேசியில் படம் எடுங்கள். கைப்பேசியைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டுங்கள். பிள்ளைகள் போடும் கூச்சலில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார், அதற்கு நான் பொறுப்பில்லை.

சாலையில் நிற்கும் ஆர்ச்சைப் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. சென்னையில் அண்ணாவின் பவளவிழா நினைவாக எழுப்பிய வளைவு இருக்கிறது. அந்த இடத்துக்கே ஆர்ச் என்று பெயராகிவிட்டது. 'பஸ் ஸ்டாப்' என்று எழுதிய நாலைந்து பேரை நினைத்துப் பாருங்கள். அவர்கள் ஊரில் அந்தச் சொல் உண்மையிலேயே ஓர் இடத்தின் பெயர். பொருள் தெரியாமல் எழுதவில்லை, தெரிந்ததை எழுதினார்கள். அவர்களிடம் "ஏன் அந்த இடத்துக்கு அந்தப் பேரு?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தாலே போதும். 2025 ஜூனில் திறந்த செனாப் ரயில் பாலத்தைச் செய்தியில் பார்த்திருப்பார்கள். ஆற்றுக்கு மேலே 359 மீட்டர் உயரம், அடியில் ஒரே ஆர்ச், அதன் வீச்சு 467 மீட்டர். பஸ் ஸ்டாப்பிலிருந்து செனாப் வரை ஒரே சொல்லில் போய்விடலாம்.

இதுவரை ஒரு ஆர்ச். இன்னொரு ஆர்ச் இருக்கிறது. எழுத்து அதே நான்கு, ஆள் வேறு. உயர்நிலை வகுப்பு எடுப்பவர்கள் இதைக் கவனியுங்கள். நானே ரொம்ப நாள் தவறாகச் சொல்லிக்கொடுத்த இடம்.

கிரேக்கத்தில் 'ஆர்கோஸ்' என்றால் தலைவன், முதல்வன். அங்கிருந்து வந்த ஆர்ச் வேறு சொற்களுக்கு முன்னால் ஒட்டி நிற்கும். பிஷப்புக்கு முன்னால் வந்தால் பேராயர். ஏஞ்சலுக்கு முன்னால் வந்தால் அதிதூதர். வேளாங்கண்ணிக்குப் போய்வருகிற நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு சொல்லும் புதிதல்ல. எதிரிக்கு முன்னால் வந்தால் பரம எதிரி. பேர், அதி, பரம என்று தமிழும் முன்னால் ஒட்டித்தான் சொல்கிறது பாருங்கள். இவற்றில் எதிலும் வளைவு கிடையாது.

கட்டடக் கலைஞருக்கு ஆர்க்கிடெக்ட் என்கிறோமே, அது ஆர்ச் கட்டுபவர் என்பதால் வந்த பெயர் என்று நான் பல வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். கேட்க எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! தவறு. 'ஆர்கி' என்றால் தலைமை, 'டெக்டோன்' என்றால் கட்டுபவர், தச்சர். தலைமைத் தச்சர். நம் ஊரில் பெருந்தச்சன் என்று சொல்வதற்குச் சரியாக நேர். என்னிடம் படித்துப் போனவர்களில் யாராவது இன்னும் அந்தத் தவறான விளக்கத்தை நம்பிக்கொண்டிருப்பார்கள். அவர்களை எங்கே தேடிப்பிடிப்பேன்?

உச்சரிப்பு ஒரு தலைவலி. பேராயர் என்னும்போது 'ச்'. அதிதூதர் என்னும்போது 'க்'. ஆர்க்கிடெக்ட், ஆர்க்கியாலஜி, சொல்லின் கடைசியில் வரும் மோனார்க், எல்லாம் 'க்'. உயிரெழுத்துக்கு முன்னால் வந்தால் 'க்' என்று ஒரு விதி சொல்லலாம் என்று பார்த்தால், பரம எதிரியைக் குறிக்கும் சொல்லில் உயிரெழுத்துக்கு முன்னால் 'ச்' என்று நின்று காலை வாரிவிடும். ஆகவே விதி சொல்லாதீர்கள். கேட்கவிட்டு, சொல்லவிட்டுப் பழக்குங்கள்.

இந்த இரண்டாம் ஆர்ச்சுக்கு இன்னொரு பிள்ளை உண்டு. கதைப் பாடங்களில் ஒருத்தி ஆர்ச்சாகச் சிரித்தாள் என்று வரும். தலைமைப் போக்கிரி, பெரிய குறும்புக்காரன் என்ற பொருளில் போக்கிரிக்கு முன்னால் ஒட்டிஒட்டி வந்து, கடைசியில் போக்கிரியை விட்டுவிட்டு ஆர்ச் மட்டும் தனியாக நின்று 'குறும்பான, கேலி கலந்த' என்று பொருள் தரத் தொடங்கிவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் இதை 'வளைந்த சிரிப்பு' என்று மொழிபெயர்த்தான். சொல்வரலாற்றுப்படி தவறு. ஆனால் ஒரு பக்கமாக உதட்டைச் சுழித்துக்கொண்டு சிரிப்பதை நினைத்துப் பாருங்கள். அவன் மனதில் படம் சரியாகத்தான் விழுந்திருக்கிறது. இந்த முறை சிவப்பு மை எடுக்கவில்லை. "எப்படிச் சிரிப்பா, சிரிச்சுக் காட்டு" என்றேன். காட்டினான். வகுப்பே பார்த்தது. பிறகு 'குறும்பு' என்ற சொல்லை அவர்களே சொன்னார்கள்.

வினையாகவும் வரும். பூனை முதுகை ஆர்ச் செய்யும், அதாவது நாயைப் பார்த்ததும் முதுகைத் தூக்கி நிற்கும். புருவத்தை ஆர்ச் செய்தாள் என்றால் புருவத்தை உயர்த்தினாள். பல் வரிசை ஓர் ஆர்ச். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி மேலே போய் வளைந்து இறங்குகிறதே, அந்த இடம் பெருந்தமனி வளைவு. இதையெல்லாம் பட்டியலாகப் போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னால் நான் இன்று பேசியதே வீண்.

நான் இப்போது செய்வது இதுதான். பத்துச் சொல்லுக்குப் பொருள் கேட்பதை நிறுத்திவிட்டேன். மூன்று சொல் கேட்கிறேன், ஒவ்வொன்றுக்கும் மூன்று வாக்கியம் கொடுத்து. இந்த இடத்தில் என்ன பொருள், உங்கள் வீட்டில் இதற்கு என்ன சொல்வார்கள் என்று கேட்கிறேன். நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது, உண்மை. பாடத்தை முடிக்க வேண்டிய கவலை எனக்கும் உண்டு. இந்த ஒரு சொல்லுக்கு இரண்டு பாடவேளை செலவானது. மூன்றாவது பாடவேளையில் அந்தப் பெண் கையைத் தூக்கினாள். அந்தத் தாளுக்குப் பிறகு முதல் தடவை. "டீச்சர், மதகுல கதவு ஏத்தி இறக்குறதுக்கு இங்கிலீஷ்ல என்ன?" என்று கேட்டாள். "ஷட்டர்" என்றேன். "அதைத்தான் எங்க தாத்தாவும் சொல்றாரு, அது தமிழ்னு நெனச்சேன்" என்றாள்.

தொடக்க வகுப்பு ஆசிரியர்கள் "எங்களுக்கு ஒன்றுமே சொல்லவில்லையே" என்று பார்க்கிறீர்கள். உங்களுக்குத்தான் கடைசியாக வைத்திருக்கிறேன். பாதத்தின் உட்பக்கம் தரையில் படாமல் தூக்கி நிற்கிறதே, அதுவும் ஆர்ச். அந்த வளைவுதான் நடக்கும்போதும் ஓடும்போதும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. கோகுலாஷ்டமிக்குக் கையை முஷ்டியாக மடக்கி அரிசி மாவில் தோய்த்துக் குட்டிப் பாதம் வைப்பீர்களே, அதில் ஒரு பக்கம் உள்ளே குழிந்திருக்கும். யாரும் சொல்லித்தராமல் நம் வீட்டுப் பெண்கள் வரைந்த ஆர்ச் அது. வகுப்பில் ஈரக்காலோடு தரையில் நடக்கவிட்டால் ஒவ்வொரு பிள்ளையும் தன் ஆர்ச்சைத் தானே பார்க்கும். ஒரு எச்சரிக்கை. சின்னப் பிள்ளைகளுக்குப் பாதம் தட்டையாகத்தான் தெரியும். வளைவு வளர வளரத்தான் உருவாகும். பெரியவர்களிலும் சிலருக்குத் தட்டையாகவே இருக்கும், பெரும்பாலோருக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. யார் தடத்தைப் பார்த்தும் யாரும் சிரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதோ, வாசல் பக்கம் ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் வைத்திருக்கிறேன். தரையைத் துடைத்தாயிற்று. செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு இரண்டிரண்டு பேராக வாருங்கள். தலைமையாசிரியர் ஐயா, நீங்கள் முதலில்.